மருந்து போட்டா நிக்குது, விட்டா வடியுது: காது, சளி பத்தின வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயத்தைத்தான் சுத்தி சுத்தி வருது. காது வடியுது, மருந்து போட்டா நிக்குது, நிறுத்தினா திரும்ப வடியுது. இன்னும் சிலருக்கு சளி, சைனஸ். எல்லா கடிதத்துலயும் கடைசி வரில "நாங்க என்ன தப்பு பண்றோம் டாக்டர்"னு ஒரு கேள்வி இருக்கு. அதைப் படிக்கும்போது மனசு கஷ்டமா இருந்துச்சு, அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: என் பையனுக்கு 6 வயசு டாக்டர். ரெண்டு வருஷமா இடது காது வடியுது. காது ஜவ்வுல சின்ன ஓட்டை இருக்குன்னாங்க. ஆன்டிபயாடிக் சிரப் இதுவரைக்கும் 5 கோர்ஸ் கொடுத்தாச்சு. குடிக்கிற வரைக்கும் காய்ஞ்சிருக்கு, 10, 15 நாள்ல மறுபடி தலையணை ஈரமாகுது. இப்ப பாக்குற டாக்டர் இதை பயோஃபிலிம்னு சொல்றார். அப்படின்னா என்ன? கிருமி மருந்துக்கு பழகிடுச்சா?

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்மா, நீங்க எந்த தப்பும் பண்ணல. டோஸ் விட்டுப்போனதாலயோ குளிப்பாட்டும்போது தண்ணி போனதாலயோ மட்டும் ரெண்டு வருஷம் இழுக்காது.

ரெண்டு நாள் சரியா கழுவாத தண்ணி பாட்டிலோட உள்பக்கத்தை விரலால தொட்டுப் பாருங்க. வழவழன்னு ஒரு படலம் கைல ஒட்டும். வெறும் தண்ணிய ஊத்தி குலுக்கினா அது போகாது, பிரஷ் போட்டுத் தேய்ச்சாதான் போகும். காலைல எழுந்ததும் நாக்கால பல்லைத் தடவினா ஒரு பிசுக்கு தட்டுப்படுதே, அதுவும் இதே ஜாதிதான். இதுதான் பயோஃபிலிம், தமிழ்ல உயிர்ப்படலம்னு எழுதறாங்க. பாக்டீரியா ஒரு பரப்புல போய் ஒட்டிக்கிட்டு, கூட்டமா பெருகி, தன்னைச் சுத்தி தானே ஒரு பசையை சுரந்து அதுக்குள்ள குடியிருக்கும். அந்த பசைல சர்க்கரை சங்கிலிகள், புரதம், செத்த செல்லுல இருந்து வெளிய வந்த டிஎன்ஏ எல்லாம் பின்னிக் கிடக்கும்.

நடுக்காதோட உள்தோல்ல இப்படி ஒரு படலம் ஒட்டியிருக்குன்னு வச்சுக்கோங்க. அதுல இருந்து அப்பப்ப கொஞ்சம் கிருமிங்க பிரிஞ்சு வெளிய மிதக்கும். உடம்பு அதுங்களோட சண்டை போடும்போதுதான் வலி, சீழ், சில சமயம் காய்ச்சல் எல்லாம் அதிகமாகும். நீங்க கொடுக்கிற சிரப் அந்த மிதக்கிற கிருமிங்களை நல்லாவே கொல்லுது, அதனால காது காயுது, ஆனா ஒட்டிக்கிட்டிருக்கிற குடியிருப்பு அப்படியே இருக்கு. மருந்தை நிறுத்தினதும் அங்கிருந்து அடுத்த கூட்டம் கிளம்புது. அதான் உங்க வீட்டுல நடக்குற அந்த 10, 15 நாள் கணக்கு.

மருந்துக்கு பழகிடுச்சான்னு கேட்டீங்க. பல சமயம் அப்படி இல்ல, இதுதான் எல்லாரும் குழம்புற இடம். அதே கிருமிய படலத்துல இருந்து பிரிச்சு எடுத்து தனியா மிதக்க விட்டு அதே மருந்தைப் போட்டா செத்துடும். படலத்துக்குள்ள இருக்கும்போது மட்டும் அதைக் கொல்ல நூறு மடங்கு, சில கிருமி சில மருந்துக்கு ஆயிரம் மடங்கு வரைக்கும் கூட தேவைப்படும். ஏன்னா, அடி அடுக்குல இருக்கிற கிருமிக்கு ஆக்சிஜனும் கிடைக்காது சாப்பாடும் கிடைக்காது, அதனால அது வளர்றதையே குறைச்சுக்கிட்டு மந்தமா கிடக்கும். பென்சிலின் வகை மருந்தெல்லாம் கிருமி வளரும்போது அது புதுசா கட்டுற சுவரைத்தான் தாக்கும், வளராத கிருமிக்கிட்ட அதுக்கு வேலையே இல்ல. இதை பயோஃபிலிம்ங்கிற பேர் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் கவனிச்சார். 1944-ல ஜோசப் பிக்கர்ங்கிற ஆய்வாளர் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி மேல பென்சிலினைப் போட்டுப் பாத்தார், பத்து லட்சத்துக்கு ஒண்ணுங்கிற கணக்குல கொஞ்சம் பிழைச்சுது. பிழைச்சதை திரும்ப வளர்த்து மறுபடி பென்சிலின் போட்டா அதோட வாரிசுங்க சாதாரணமா செத்துச்சு. அதாவது அதுங்க மாறிப்போன கிருமி கிடையாது, தூங்கிக்கிட்டிருந்த கிருமி. அதுங்களுக்கு பெர்சிஸ்டர்னு அவர் வச்ச பேர்தான் இன்னைக்கும் நிக்குது.

அப்ப உங்க பையனுக்கு என்ன பண்ணணும்? ஆறாவது தடவையா இன்னொரு சிரப்னு போகாம காதை சுத்தம் பண்ணி, காயவச்சு, சொட்டு மருந்தை நேரா அங்க கொண்டுபோய் சேர்க்கணும். ஒரு கணக்கு சொல்றேன். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரைய ஒரு பெரியவர் முழுங்கினா ரத்தத்துல உச்சகட்டமா ஒரு மில்லிக்கு 2, 3 மைக்ரோகிராம் வரும், அதுலயும் ஒரு பகுதிதான் காதுக்குப் போய்ச் சேரும். அதே மருந்து 0.3 சதவீத சொட்டா இருந்தா ஒரு மில்லில 3000 மைக்ரோகிராம் இருக்கு. ஆயிரம் மடங்கு தேவைப்படுற இடத்துல ஆயிரம் மடங்கு கிடைக்குது. ஓட்டை உள்ள காது வடியுறப்ப வாய்வழி மருந்தை விட இந்த வகை சொட்டு மருந்து நல்லா கேக்குதுன்னு ஆய்வுகளும் சொல்லுது. ஆனா சீழ் நிறைஞ்ச காதுல சொட்டு விட்டா அது சீழ் மேலதான் மிதக்கும், படலத்தைத் தொடாது. அதனாலதான் முதல்ல சுத்தம். அதை எப்படி பண்றதுன்னு கீழ இன்னொரு வாசகர் கேட்டிருக்கார், அங்க சொல்றேன். காது நல்லா காய்ஞ்சு சில மாசம் அப்படியே நின்னா அப்புறம் ஓட்டைய அடைக்கிற ஆபரேஷன் பத்தி உங்க டாக்டர்கிட்ட பேசுங்க.

கேள்வி: காதுல வந்த தண்ணிய எடுத்து கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்ல கிருமி எதுவும் வளரலைன்னு வந்திருக்கு. கிருமியே இல்லைன்னா ஏன் திரும்ப திரும்ப வருது? லேப்ல தப்பு நடந்திருக்குமா?

லேப் மேல சந்தேகப்பட வேண்டாம். கல்ச்சர்ங்கிறது எடுத்த தண்ணிய ஒரு தட்டுல தடவி அதுல கிருமி பெருகுதான்னு பாக்குறது. மிதக்குற, துடிப்பா வளர்ற கிருமிக்கு அது அருமையான டெஸ்ட். படலமா ஒட்டிக்கிட்டிருக்கிறது அந்த தண்ணில வர்றதே கம்மி, வந்தாலும் மந்தமா இருக்கிறதால தட்டுல எழும்பாது.

இதே சந்தேகம் டாக்டர்களுக்கும் பல வருஷம் இருந்துச்சு. குழந்தைங்களுக்கு நடுக்காதுல தேங்குற நீரை எடுத்துப் பாத்தா பெரும்பாலும் கிருமி இல்லைன்னே வரும், அதனால இது கிருமி நோயே இல்ல, வெறும் வீக்கம்னு ஒரு கட்சி இருந்துச்சு. 1995-ல அமெரிக்காவுல 97 மாதிரிகளை எடுத்து கல்ச்சரும், கிருமியோட டிஎன்ஏவைத் தேடுற பிசிஆர் டெஸ்டும் சேர்த்துப் பண்ணாங்க. காதுக்கு வழக்கமா வர்ற 3 கிருமிங்களைத் தேடினதுல கல்ச்சர்ல வந்தது 28 மாதிரிதான், பிசிஆர்ல அதுக்கு மேல இன்னும் 47 மாதிரில கிருமியோட டிஎன்ஏ இருந்துச்சு. அது செத்த கிருமியோட மிச்சமா இருக்கலாமேன்னு கேட்டாங்க, நியாயமான கேள்வி. அப்புறம் அந்த நீர்ல கிருமியோட ஆர்என்ஏ-வும் இருக்குன்னு காட்டினாங்க. அது சீக்கிரம் சிதைஞ்சு போற பொருள், இருக்குன்னா கிருமி உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

கண்ணால பாத்தது 2006-ல. திரும்ப திரும்ப காது கெடுற குழந்தைங்களுக்கு நீர் வடிய ஜவ்வுல குட்டி டியூப் வைக்கும்போது நடுக்காது தோல்ல இருந்து துளி எடுத்து சாயம் ஏத்தி சிறப்பு மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க. 50 மாதிரில 46-ல கொத்து கொத்தா பாக்டீரியா படலம் ஒட்டியிருந்துச்சு. நடுக்காதுல நோய் இல்லாம வேற ஆபரேஷனுக்கு வந்தவங்ககிட்ட எடுத்த 8 மாதிரில ஒண்ணுல கூட இல்ல. எனக்கு இந்த துறைல ரொம்ப பிடிச்ச ஆய்வு இது, அத்தனை வருஷ வாக்குவாதத்துக்கு ஒரு படம் பதில் சொல்லிடுச்சு.

அதனால உங்க ரிப்போர்ட்டுக்கு அர்த்தம், அந்த தண்ணில வளர்ற கிருமி கிடைக்கல, அவ்வளவுதான். இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க, கல்ச்சர்ல கிருமி வந்து இந்த மருந்துக்கு கேக்கும்னு ரிப்போர்ட் இருந்தாலும் அது மிதக்கிற கிருமிய வச்சு சொன்ன பதில். அந்த மருந்து கொடுத்தும் நிக்கலைன்னா ரிப்போர்ட் பொய்யில்ல, கேட்ட கேள்வி வேற.

கேள்வி: பயோஃபிலிம் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு தொத்துமா? தங்கச்சி பாப்பா அண்ணன் கூடவே தூங்குறா.

படலம் அப்படியே போய் ஒட்டிக்காது. அதை உண்டாக்குற கிருமிங்க பல குழந்தைங்க மூக்குல சாதாரணமாவே இருக்கு, தும்மல், சளி வழியா பரவும். எல்லாருக்கும் காது வடியறதில்லையே. கூடவே தூங்கட்டும், துண்டும் தலையணை உறையும் மட்டும் தனியா இருக்கட்டும், சொட்டு மருந்து பாட்டிலை ரெண்டு பேருக்கும் பொதுவா வைக்காதீங்க.

கேள்வி: எனக்கு வயசு 41. காது வடியும்போதெல்லாம் பட்ஸ் போட்டு துடைச்சிடுவேன், ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டு சொட்டு விடுவேன், நுரைச்சு எல்லாம் வெளிய வந்துடும். வினிகர் விட்டாலும் நல்லதுன்னு படிச்சேன். சரியா சார்?

பெராக்சைடை இன்னையோட நிறுத்திடுங்க சார். ஜவ்வுல ஓட்டை இருக்கிற காதுல அது நடுக்காதுக்குள்ள இறங்கும், எரியும், அதுக்கும் உள்ள போனா கேக்குற நரம்புக்கே ஆபத்து ஆகலாம். நுரை வர்றதைப் பாத்தா சுத்தமாகுற மாதிரி தெரியும், ஆனா அடில ஒட்டினது அப்படியே இருக்கும்.

வினிகர்னதும் ஒரு பழைய கதை. மைக்ராஸ்கோப்புல முதன்முதலா பாக்டீரியாவைப் பாத்த லீவன்ஹூக், ஹாலந்துல துணி வியாபாரம் பண்ணவர், 1680-கள்ல தன்னோட பல்லுல இருந்து வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சதை சுரண்டி எடுத்துப் பாத்தார். குட்டி குட்டி ஜீவன் ஏராளமா நெளிஞ்சுது. வினிகரால வாய் கொப்பளிச்சா என்ன ஆகுதுன்னும் பாத்தார். படிவோட வெளிப்பக்கம் இருக்கிறது மட்டும்தான் செத்துச்சு, உள்ள வரைக்கும் வினிகர் போகலைன்னு எழுதி வச்சிருக்கார். 300 வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னைக்கு காதுல பாக்குறதும் அதேதான். ரொம்ப நீர்த்த அசிட்டிக் ஆசிடை சில டாக்டருங்க காதை சுத்தம் பண்ண பயன்படுத்துறாங்க, அது அளவு தெரிஞ்சு, ஜவ்வு எப்படி இருக்குன்னு பாத்து பண்றது. வீட்டுல பாட்டிலைத் திறந்து ஊத்துறது வேற.

பட்ஸும் வேண்டாம். அது சீழை துடைக்கிறதை விட உள்ள தள்ளுறதுதான் அதிகம், தோலையும் கீறி விடும்.

வீட்டுல பண்ணக்கூடிய நல்ல முறை ஒண்ணு இருக்கு. ஈரத்தை நல்லா உறிஞ்சுற, சீக்கிரம் கிழியாத டிஷ்யூ பேப்பரை எடுத்து திரி மாதிரி முறுக்குங்க, நுனி மெலிசா இருக்கணும். காது மடலை மெதுவா பின்னாடியும் மேலயும் இழுத்துப் பிடிச்சு (குழந்தைன்னா பின்னாடி இழுத்தா போதும்) திரிய தடுக்கிற வரைக்கும் மெல்ல விட்டு அப்படியே விடுங்க, சுத்தாதீங்க, தேய்க்காதீங்க. ஒரு நிமிஷத்துல அது ஈரத்தை உறிஞ்சிடும். எடுத்துப் போட்டுட்டு புதுத்திரி. திரி காய்ஞ்சு வர்ற வரைக்கும் இதையே பண்ணுங்க, முதல் நாள் ஏழெட்டு திரி கூட ஆகும், சலிச்சுக்காதீங்க. காய்ஞ்ச உடனே டாக்டர் எழுதின சொட்டு மருந்து. பாட்டிலை கொஞ்ச நேரம் உள்ளங்கைல வச்சு வெதுவெதுப்பாக்கிக்கோங்க, சில்லுன்னு விட்டா தலை சுத்தும். படுத்துக்கிட்டு விட்டதும் காது வாசல்ல முன்னாடி துருத்திக்கிட்டு இருக்கிற குருத்தெலும்பை நாலஞ்சு தடவை அமுக்கி அமுக்கி விடுங்க, அந்த அழுத்தத்துலதான் மருந்து ஓட்டை வழியா உள்ள இறங்கும். அஞ்சு நிமிஷம் அப்படியே படுத்திருங்க. நாளைக்கு 3 தடவை, 2 வாரம். நாலாவது நாளே காய்ஞ்சிடுச்சுன்னு விட்டுடறவங்கதான் அதிகம்.

இதோட நடுநடுவுல டாக்டர்கிட்ட மைக்ராஸ்கோப் வச்சு உறிஞ்சி எடுத்துக்கிட்டா இன்னும் நல்லது. வெளிய இருந்து பாக்க சுத்தமா தெரியுற காதுல கூட மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்தா ஜவ்வோட ஓரத்துல மெல்லிசா பளபளன்னு ஒரு ஏடு தெரியும். உறிஞ்சு குழாய் நுனிய பக்கத்துல கொண்டுபோனா முதல்ல அசையாது, ஒரு ஓரம் பிடிபட்டதும் மொத்தமா உரிஞ்சு வரும், அடில சிவந்த தோல் தெரியும். அந்த நேரத்துல போய்ச் சேர்ற மருந்துக்குத்தான் முழு பலன், ஏன்னா விட்டா படலம் சில மணி நேரத்துல மறுபடி தொடங்கிடும், சில நாள்ல பழைய பலத்துக்கு வந்துடும்.

சொட்டு மருந்தை நீங்களே கடைல கேட்டு வாங்காதீங்க. ஜென்டமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் ஓட்டை உள்ள காதுல நாள் கணக்கா போனா கேட்கும் திறனையும் பேலன்ஸையும் பாதிக்க வாய்ப்பு இருக்கு. குளிக்கும்போது வாஸ்லின் தடவின பஞ்சு வச்சுக்கோங்க.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு, பிராங்கியெக்டாசிஸ். தினமும் கோழை, அடிக்கடி பச்சையா மாறும். டெஸ்ட்ல சூடோமோனாஸ்னு வந்திருக்கு. இப்ப புகையா இழுக்குற ஆன்டிபயாடிக்கும், அசித்ரோமைசின் மாத்திரை வாரத்துக்கு 3 நாள் மாசக்கணக்காவும் எழுதியிருக்காங்க. அசித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாதுன்னு படிச்சேன், அப்புறம் எதுக்கு? பயமா இருக்கு.

நீங்க படிச்சது சரிதான், டாக்டர் எழுதினதும் சரிதான். ரெண்டுக்கும் நடுவுலதான் விஷயம் இருக்கு.

நல்லா இருக்கிற நுரையீரல்ல மூச்சுக்குழாய் உள்தோல்ல கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க ஒரு செகண்டுக்கு 10, 15 தடவை அசைஞ்சு சளிய மேல தள்ளிக்கிட்டே இருக்கும், மாடிப்படிய அடில இருந்து மேல பெருக்குற மாதிரி. பிராங்கியெக்டாசிஸ்ல குழாய் தளர்ந்து அகலமாகி பை மாதிரி ஆயிடும், அங்க பெருக்குற வேலை நடக்காது, சளி தேங்கும். தேங்குற இடம் சூடோமோனாஸுக்கு சொந்த வீடு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ங்கிற, சளி ரொம்ப கெட்டியாகுற பரம்பரை நோய் உள்ளவங்களோட சளிய 1970-கள்ல கோபன்ஹேகன்ல நீல்ஸ் ஹாய்பிங்கிற டாக்டர் மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப, இந்த கிருமி உதிரியா இல்லாம கூழுக்குள்ள கொத்து கொத்தா உக்காந்திருந்ததைக் கவனிச்சார். நாள்பட அது ஆல்ஜினேட்ங்கிற ஒரு கொழகொழ சர்க்கரைய அளவில்லாம சுரக்க ஆரம்பிச்சிடும். அப்படி மாறினதுக்கு அப்புறம் அதை முழுசா ஒழிக்கிறது ரொம்ப கஷ்டம், அதனாலதான் இந்த கிருமி முதல் தடவை தெரிஞ்ச உடனேயே தீவிரமா வைத்தியம் பண்றாங்க. அம்மாவுக்கு இதுதான் முதல் தடவையா, இல்ல முன்னாடியே வந்திருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, வைத்தியத்தோட நோக்கமே அதைப் பொறுத்து மாறும்.

புகையா இழுக்குறதுக்கு காரணம் காதுல சொட்டு விடுற அதே காரணம்தான். டோப்ராமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கை 300 மில்லிகிராம் இழுத்தா சளிக்குள்ள ஒரு கிராமுக்கு ஆயிரம் மைக்ரோகிராம் அளவுல சேரும், ரத்தத்துல 1 மைக்ரோகிராம் பக்கம்தான் இருக்கும். கிட்னியும் காதும் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். இந்த மருந்துக்கு நேர் மின்னூட்டம், ஆல்ஜினேட்டுக்கும் டிஎன்ஏவுக்கும் எதிர் மின்னூட்டம், அதனால மருந்துல ஒரு பகுதி பசைலயே ஒட்டிக்கிட்டு வீணாகும், போதாததுக்கு இந்த வகை மருந்து கிருமிக்குள்ள நுழையுறதுக்கு கிருமி ஆக்சிஜன் எடுத்துக்கிட்டு துடிப்பா இருக்கணும். அவ்வளவு அதிக அளவு தேவைப்படுறதுக்கு இதெல்லாம்தான் காரணம்.

இப்ப அசித்ரோமைசின். கிருமிங்க தங்களுக்குள்ள ரசாயன சமிக்ஞை அனுப்பி எத்தனை பேர் இருக்கோம்னு கணக்கு பாத்துக்கும், போதுமான கூட்டம் சேர்ந்ததும்தான் பசை சுரக்குறதும் விஷம் விடுறதும் முழு வேகத்துல நடக்கும். குறைஞ்ச அளவு அசித்ரோமைசின் சூடோமோனாஸைக் கொல்லாம இந்த பேச்சைக் கெடுக்குது, பசைய குறைக்குது. அதோட மூச்சுக்குழாய்ல நம்ம உடம்பே உண்டாக்குற வீக்கத்தையும் அடக்குது. அடிக்கடி நோய் முத்துறவங்களுக்கு அந்த எண்ணிக்கை குறையுதுன்னு ஆய்வுகள்ல தெளிவா தெரிஞ்சிருக்கு. ஆனா தொடங்குறதுக்கு முன்னாடி 3 விஷயம் பாத்தாங்களான்னு கேட்டுக்கோங்க: சளில காசநோய் குடும்பத்தைச் சேர்ந்த மத்த கிருமிங்க இல்லைன்னு டெஸ்ட், ஈசிஜி, காது கேட்கும் திறன். முதல் டெஸ்ட் ரொம்ப முக்கியம், அந்த கிருமி இருக்கும்போது இந்த மாத்திரைய மட்டும் கொடுத்தா அது இந்த மருந்துக்கு கேக்காததா மாறிடும்.

இத்தனையும் சொல்லிட்டேன், ஆனா அம்மா தினமும் சளிய வெளியேத்துற பிசியோதெரபி பண்றாங்களான்னு நீங்க எழுதவே இல்ல. அதைத்தான் நான் முதல்ல கேட்டிருப்பேன். மூச்சை ஆழமா இழுத்து, நிறுத்தி, வாயைத் திறந்து கண்ணாடி மேல ஆவி ஊதுற மாதிரி ஹா-ன்னு அழுத்தி விடுறது, சாய்ஞ்சு படுக்கிற நிலைகள், அதிர்வு கொடுக்கிற ஊதுகுழல் கருவி, உப்புநீர் புகை இதுல அவங்களுக்கு எது ஒத்து வருதோ அதை ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கத்துக்கிட்டு காலை சாயங்காலம் பண்ணணும். ஆன்டிபயாடிக் புகையும் சளி வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் இழுக்கணும். மருந்துக்கு செலவழிக்கத் தயாரா இருக்கிற குடும்பங்க கூட இந்த 20 நிமிஷத்தை விட்டுடறாங்க, எனக்கு அதுலதான் ரொம்ப வருத்தம்.

கேள்வி: பயோஃபிலிமை உடைக்கிற என்சைம் மாத்திரைன்னு ஆன்லைன்ல விக்குறாங்க. வாங்கலாமா?

வேண்டாம். சோதனைக் குழாய்ல படலத்தை உடைக்கிற பொருள் நிறைய இருக்கு, வாய்வழியா முழுங்கினா அது செரிமானத்தைத் தாண்டி காதுக்கோ சைனஸுக்கோ போய் அதே வேலைய பண்ணும்னு நிரூபணம் ஆன மாத்திரை இல்ல. உடைச்சா நல்லதுதானேன்னு தோணும். டோர்னேஸ் ஆல்ஃபான்னு ஒரு மருந்து, சளில இருக்கிற டிஎன்ஏவை வெட்டி தண்ணியாக்கும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்ல 1990-கள்ல இருந்து நல்ல பலன் கொடுக்குது. அதையே மத்த காரணத்தால வந்த பிராங்கியெக்டாசிஸுக்கு கொடுத்துப் பாத்த ஆய்வு 1998-ல வந்துச்சு, நோய் முத்துறது குறையல, அதிகமாச்சு. நல்லா தெரிஞ்ச ஒரு மருந்துக்கே இந்த நிலைமை.

கேள்வி: சைனஸுக்கு உப்புத்தண்ணி விட்டு மூக்கு கழுவ சொன்னாங்க. இவ்வளவு பெரிய பிரச்னைக்கு இவ்வளவு சாதாரண வைத்தியமான்னு நம்பிக்கை வரல.

நாள்பட்ட சைனஸ்ல பல பேருக்கு உள்தோல் மேல படலம் இருக்கிறது ஆபரேஷன்ல எடுத்த மாதிரிகள்லயே தெரிஞ்சிருக்கு. பாட்டில் உதாரணத்தை நினைச்சுப் பாருங்க, அங்கயும் ஓடுற தண்ணியும் தேய்ப்பும்தானே வேலை செய்யுது? கழுவுறது கெட்டியான சளிய, வீக்கத்தை உண்டாக்குற பொருளை எல்லாம் அடிச்சுக்கிட்டு போகுது, அதுக்கு அப்புறம் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரே தோலைப் போய் தொடுது. சும்மா ரெண்டு சொட்டு விடாம ஒரு பக்கத்துக்கு 100 மில்லிக்கு மேல பாட்டிலால விட்டு அடுத்த பக்கம் வழியா வரவைக்கணும். தண்ணி விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க, கொதிக்க வச்சு ஆறின தண்ணி, இல்ல டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணிய அப்படியே விட்டு மூளைய தின்னுற அமீபா நுழைஞ்சு உயிர் போன சம்பவங்கள் உண்டு, அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. பாட்டிலையும் தினமும் கழுவி காயவைங்க, இல்லைன்னா அதுக்குள்ளயே படலம் கட்டும்.

கேள்வி: பொண்ணுக்கு 4 வயசு. காது வலி இல்ல, வடியல, ஆனா கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா, டிவி சத்தம் கூட்டுறா. ஜவ்வுக்குப் பின்னாடி பசை மாதிரி நீர் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டு மருந்தே எழுதாம 3 மாசம் கழிச்சு வாங்கன்னுட்டார். அலட்சியமா?

அலட்சியம் இல்லம்மா, சரியான வைத்தியம். நடுக்காதையும் மூக்கோட பின்பக்கத்தையும் இணைக்கிற குழாய் பெரியவங்களுக்கு 35 மில்லிமீட்டர் கிட்ட நீளமா, சாய்வா இருக்கும். குழந்தைக்கு அது குட்டையா, கிட்டத்தட்ட படுத்தவாக்குல இருக்கும், அதனால காத்தோட்டம் கம்மி, நீர் தேங்குது. நிறைய குழந்தைங்களுக்கு 3 மாசத்துல தானா வடிஞ்சிடும். ஆன்டிபயாடிக், மூக்கடைப்பு சிரப், அலர்ஜி மாத்திரை எதுவும் இதுக்கு பெருசா உதவறதில்ல, அதான் எழுதல.

3 மாசம் கழிச்சும் இருந்தா, கேட்கும் திறனும் குறைஞ்சிருந்தா, ஜவ்வுல குட்டி டியூப் வைப்பாங்க, க்ரோமெட்டுன்னு சொல்வாங்க. அந்த பசை நீரை வெளிய எடுக்கும்போது நூல் மாதிரி இழுபட்டுக்கிட்டே வரும், அவ்வளவு கெட்டி. டியூப் வழியா காத்து போனதும் தோல் மெல்ல தேறும், பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள தானா வெளிய விழுந்துடும். மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டு சதை பல குழந்தைங்களுக்கு இந்த படலத்தோட கிடங்கு மாதிரி இருக்கு, அதனால சில சமயம் அதையும் சேர்த்து எடுக்க சொல்வாங்க. டியூப் வச்ச அப்புறம் காது வடிஞ்சா பதறாதீங்க, சொட்டு மருந்துலயே பெரும்பாலும் நிக்கும். அப்படியும் நிக்காம வடிஞ்சுக்கிட்டே இருந்தா டியூப் மேலயே படலம் பிடிச்சிருக்கலாம், எடுத்துட்டா சரியாகும்.

அதுவரைக்கும் வீட்டுல முகத்தைப் பாத்து, கிட்ட போய் பேசுங்க. பள்ளிக்கூடத்துல முன்வரிசைல உக்கார வைக்க சொல்லுங்க. வீட்டுல யாருக்காவது சிகரெட் பழக்கம் இருந்தா, வெளிய போய் பிடிச்சாலும் போதாது, விட்டாதான் குழந்தைக்கு நல்லது.

கேள்வி: எனக்கு 29 வயசு. வலது காதுல கொஞ்சமாத்தான் வடியுது, வலியே இல்ல, ஆனா நாத்தம் தாங்கல, பக்கத்துல உக்காரவே கூச்சமா இருக்கு. சொட்டு மருந்து எல்லாம் போட்டாச்சு. ஆபரேஷன்னு சொல்றாங்க. பயோஃபிலிம்தானே, மருந்துலயே பாத்துக்கலாமா?

இதுக்கு மட்டும் தள்ளிப்போடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். கொஞ்சமா வடியறது, கெட்ட நாத்தம், வலி இல்ல, இந்த மூணும் சேர்ந்தா கொலஸ்டியடோமாவான்னு பாக்கணும். ஜவ்வோட தோல் உள்பக்கம் மடிஞ்சு பை மாதிரி வளர்றது அது. உதிர்ந்த தோல் அந்த பைக்குள்ள குப்பையா சேரும், அந்த குப்பைல பாக்டீரியா படலம் கட்டி அழுகும், நாத்தம் அங்க இருந்துதான். பை பெருசாக பெருசாக பக்கத்துல இருக்கிற எலும்பை அரிச்சுக்கிட்டே போகும். காதுக்குள்ள இருக்கிற சின்ன எலும்புங்க போனா கேக்காது, முகத்து நரம்பைத் தொட்டா வாய் கோணும், மேல அரிச்சா மூளை உறை. பைக்குள்ள இருக்கிற குப்பைக்கு ரத்த ஓட்டமே கிடையாது, அதனால மாத்திரை உள்ள போக வழியில்ல. சொட்டு மருந்து நாத்தத்தைக் குறைக்கும், பையை எடுக்காது.

வலி இல்லாததை நல்ல அறிகுறின்னு நினைச்சு வருஷக்கணக்குல விட்டுட்டு, காது கேட்காம போனதுக்கு அப்புறம் வந்தவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். சிடி ஸ்கேன் எடுக்க சொல்லியிருந்தா எடுத்துடுங்க, கேட்கும் திறன் டெஸ்டும் ஆபரேஷனுக்கு முன்னாடியே இருக்கட்டும். ஆபரேஷன் முடிஞ்சும் கொஞ்ச வருஷம் தொடர்ந்து பாத்துக்கிட்டு வரணும், சின்ன துண்டு மிச்சமிருந்தாலும் திரும்ப வளரும், அதனால இன்னொரு ஆபரேஷனோ ஸ்கேனோ பின்னாடி தேவைப்படுமான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. இதுக்கு நடுவுல காதுக்குப் பின்னாடி வீக்கம், முகம் ஒரு பக்கம் இழுக்குறது, தலை சுத்தல், காய்ச்சலோட கடுமையான தலைவலி இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.